கப்பலில் கை நனைக்காத சம்பந்தி

பிள்ளையார் துணை

கண்டி,
ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிய பிறகு.

அன்புள்ள மருமகன் இராமநாதனுக்கு உன் தாய்மாமன் சண்முகநாதன் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை இராஜகுமாரியும் மகள் யசோதாவும் தரையில் நலம். 'தரையில்' என்பதைச் சற்று அழுத்தி வாசிக்கவும். அங்கே கொழும்பில் நீயும் என் அக்காவும் உன்னுடைய டிராவல்ஸ் ஆபீசும் நலமாயிருக்க வேண்டுகிறேன், ஆபீசுக்காக வேண்டியது கொஞ்சம் குறைவு. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வெட்டிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் நான் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு அரசாங்கக் கச்சேரியில் பெரிய துரைமார் கதிரையை விட்டு எழுந்து நின்றிருக்கிறார்கள். ஆகவே நீயும் இதை நின்றுகொண்டே வாசிக்கலாம்.

யசோதாவுக்குக் கெலிஓயா இடம் ஜாதகம் பொருந்தியவுடன் நான் என்ன நினைத்தேன்? நம்ம வழக்கப்படி அவர்கள் வீட்டுக்கு வரட்டும், பெண்ணைப் பார்க்கட்டும், போய் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பட்டும் என்றுதான் நினைத்தேன். இதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். மூன்றும் என் வாயால் போனது என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், அது பொறாமை. ஆனால் இந்த இடம் யசோதாவுக்கே பிடித்திருந்தது. பையன் ஜெயசீலனின் போட்டோவைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் இது தட்டிப்போகக் கூடாது என்று நானே விரதம் மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து நீ வந்து, "மாமா, இப்ப எல்லாம் பொண்ணு பாக்குறது கப்பல்லதான். ரெண்டு குடும்பமும் பழகிப் பாத்த மாதிரி இருக்கும், கண்டியே பேசும் மாமா" என்றாய். 'கண்டியே பேசும்' என்ற இடத்தில் நான் விழுந்துவிட்டேன் என்கிறாள் உன் அத்தை. நான் விழவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் அவர்களுக்கும் சேர்த்து டிக்கட் எடுக்கச் சொன்னேன்.

சரி, நீ செய்த ஏற்பாட்டைப் பார்ப்போம். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் விடியற்காலை ஏறினால் மத்தியானச் சோற்றுக்குத் திருகோணமலையில் இறங்கலாம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். நீ எங்களைக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற்றி, சென்னையில் இறக்கி, அங்கே கப்பலில் ஏற்றி, அதே கப்பலில் மறுபடி நம்ம நாட்டுக்கே கொண்டுவந்து, அம்பாந்தோட்டையும் திருகோணமலையும் இதோ பாருங்கள் வெளிநாடு என்று காட்டினாய். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், மூக்கைத் தொட இந்தியா வரைக்கும் போய்வந்தவன் நீ ஒருவன்தான். அம்பாந்தோட்டையில் ஒரு கைடு வந்து எனக்கு, சண்முகநாதனுக்கு, தம்பிலி இளநீர் என்றால் என்ன என்று இங்கிலீசில் அரை மணி நேரம் விளக்கினான். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், கடைசியில் அவனுக்கே இரண்டு திருத்தம் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

கப்பலைப் பற்றி எழுதவும் கை கூசுகிறது. பெரிய கப்பல் என்றாய். பெரியதுதான், ஹந்தானை மலையைப் பெயர்த்து மிதக்கவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் எங்களுக்குக் கொடுத்த அறையில் ஒரு ஜன்னல் கிடையாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில்கூடக் காற்று வர ஒரு துவாரமாவது இருக்கும். சுற்றிலும் கடல், அதற்கு நடுவில் தண்ணீர்த் தொட்டி கட்டி அதற்குள் நீந்துகிறான்கள், இவர்களுடைய புத்தியை என்னவென்று சொல்வது. முதல் நாளே, கப்பலில் நெருப்போ ஆபத்தோ வந்தால் கடலில் மிதப்பதற்கென்று எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் சட்டை மாட்டி வரிசையில் நிற்கவைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கணபதி, கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர், அந்தச் சட்டையில் கட்டுப்போட்ட பூசணிக்காய் மாதிரி நின்றார். நான் மட்டும் அதிலும் எடுப்பாக இருந்தேன் என்று பலர் சொன்னார்கள். கப்பல் கேப்டன் என்னைக் கண்டதும் கடல் தெரிந்த ஆள் என்று எப்படியோ பிடித்துவிட்டான். முப்பது வருஷம் கண்டி வாவியைத் தினமும் சுற்றி நடப்பவன் நான், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மூக்காலேயே சொல்வேன். கொஞ்சம் இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். ஒடித்தான். அதற்குப் பிறகுதான் ஆட்டம் நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் இராத்திரி இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு மண்டபம் நம்ம கண்டி மார்க்கெட்டை விடப் பெரியது, சோறும் இறைச்சியும் பழமும் கேக்கும் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறான், வேண்டியதை வேண்டிய மட்டும் எடுக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மா தட்டில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வந்தவர்களை உபசரிக்காமல் இருக்க நான் என்ன நாகரிகம் தெரியாதவனா? "கூச்சப்படாம சாப்பிடுங்கம்மா. நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க, எல்லாம் நம்ம செலவுதான்" என்றேன். அவ்வளவுதான் மருமகனே. சோற்றுக்குப் போன கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப இது பொண்ணு வீடுன்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமான்னுதான் வச்சுக்குங்களேன்" என்றேன் நான், பெருமையாக.

வடிவம்மா தட்டைத் தள்ளிவைத்தார். "பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிற பழக்கம் எங்க பரம்பரையில இல்லைங்க. தப்பா நெனக்காதீங்க." கணபதியும் பையனும் தட்டைத் தள்ளினார்கள். பையன் தள்ளும்போது கோழிக்காலை ஒரு பார்வை பார்த்தான் பார், கல்லும் கரையும்.

வழக்கம் எனக்குத் தெரியாதா? சம்மதம் சொல்லும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான். ஆனால் வீடென்றால் அவர்கள் எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நடுக்கடலில் எங்கே எழுந்து போவது? இது உன் மூளைக்கு ஏன் எட்டவில்லை? அதோடு, வந்தவர்கள் பட்டினி கிடக்கும்போது வீட்டுக்காரன் சாப்பிட்டால் ஊர் சிரிக்காதா? ஆகவே நாங்களும் சாப்பிடவில்லை. ஆறு பேரும் அந்தச் சாப்பாட்டு மலைக்கு நடுவில் வெறும் தட்டை வைத்துக்கொண்டு மரியாதையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பரிமாறுகிறவன் வந்து பார்த்தான், மேற்பார்வை பார்க்கிறவன் வந்தான், கடைசியில் வெள்ளைத் தொப்பி வைத்த பெரிய சமையல்காரனே வந்து, சாப்பாட்டில் என்ன குறை என்று கண்கலங்கக் கேட்டான். "உங்க மேல ஒண்ணும் குறை இல்ல, இது எங்க குடும்ப விஷயம்" என்று அவனைத் தேற்றி அனுப்பினேன். அறைக்கு வந்ததும் உன் அத்தை, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா. நாலாவது இடமும் போச்சு" என்றாள். யசோதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முழுக்கக் கடல்தான். விடிந்தும் விடியாமலும் நான் பொது அறிவுக்காகச் சாப்பாட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். எதையும் ருசி பார்க்காமல் குறை சொல்வது நியாயமில்லை அல்லவா, அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே கணபதி நின்றார். கையில் இட்லித் தட்டு, வாயில் இட்லி.

"நடக்க வந்தேங்க" என்றார் அவர், விழுங்கிவிட்டு.

"நானும் அதுக்குத்தாங்க."

"சாம்பார் அந்தப் பக்கம் இருக்கு."

"நீங்க என்னப் பாக்கல."

"நான் யாரையுமே பாக்கலைங்க. எங்க வீட்டுல கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

இப்படியாகச் சம்பந்திகள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை வந்துவிட்டது. ஆனால் கணபதியின் ஒற்றுமையால் என்ன பயன், அந்த வீட்டில் முடிவு சொல்வது வடிவம்மா. அந்த அம்மா மெய்யாகவே எதையும் தொடவில்லை. கெலிஓயாவிலிருந்து கொண்டுவந்த கிரீம் கிறேக்கர் பிஸ்கட்டைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தின்றார். கொதித்த தண்ணீர் நெருப்புப் பட்டது, அது யார் வீட்டுச் சொத்துமில்லை என்பது அவருடைய சட்டம். அதற்கு மறுநாள் அம்பாந்தோட்டையில் கரைக்குப் போனபோதாவது சாப்பிடுவார் என்று பார்த்தேன், அங்கே நீ கொடுத்த டிக்கட்டிலேயே மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் சேர்த்தியாம். பெண் வீட்டுப் பார்சல். அதைக் காக்காய்க்கு வைத்துவிட்டுக் கும்பிட்டார். அன்று மாலை பிஸ்கட்டும் முடிந்துவிட்டது. மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது உன் அத்தையிடம், "ஊருக்குப் போயிட்டு யோசிச்சுச் சொல்லி அனுப்புறோங்க" என்றார். இந்த வாக்கியத்தை இதற்கு முன் மூன்று தடவை கேட்ட வீடு எங்கள் வீடு. உன் அத்தை அறைக்கு வந்து அழுதாள். நான் ஆண்பிள்ளை, அழவில்லை, குளியலறையில் முகம் மட்டும் கழுவினேன்.

அடுத்த நாள் திருகோணமலை. கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வரும்போது வடிவம்மாவின் நடை தள்ளாடியது, ஜெயசீலன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். கடைத்தெருவில் ஒரு சைவக் கடை, தோசை வாசனை தெருவுக்கே வந்து ஆளைக் கூப்பிடுகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் யசோதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். நேரே வடிவம்மாவிடம் போனாள்.

"அத்தை, எனக்குப் பசி தாங்கல. ஏதாச்சும் வாங்கித் தர்றீங்களா?"

"உங்கப்பா பக்கத்துலதானே நிக்கிறாரு."

"அவருகிட்ட கேக்கல. உங்ககிட்டதான் கேக்குறேன்."

அந்த அம்மா திகைத்துப்போனார். பெண் வீட்டில் இவர்கள் சாப்பிடக் கூடாது என்று வழக்கம் உண்டு, இவர்கள் காசில் பெண் சாப்பிடக் கூடாது என்று எந்தப் பரம்பரையிலும் கிடையாது. பசி என்று வாய் திறந்து கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? "வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். என்னைத் தவிர மற்றவர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

தோசை வந்தது. யசோதா தொடவில்லை.

"ஏன்டியம்மா, சாப்பிடு."

"வாங்கித் தந்தவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாத்தான் எனக்கு எறங்கும்."

வடிவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு டீச்சருன்னாங்க. நீ வக்கீலுக்குப் படிச்சவ மாதிரில்ல பேசுற" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினார். கடைக்காரர், "இருங்கோ அம்மா, அவசரப்படாதேங்கோ, சூடா வருது" என்று கெஞ்சிக்கொண்டே சுட்டார். மாவுச்சட்டி காலியாகும் வரை அந்த மேசையில் கை ஓயவில்லை. நான் வாசலில் கடலைப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். அப்போது உள்ளேயிருந்து வடிவம்மாவின் குரல் வந்தது.

"ஏன் வெயில்ல நிக்கிறீங்க சம்பந்தி. வந்து உக்காருங்க, என் காசுதான்."

சம்பந்தி. கேட்டாயா? உன் அத்தை அந்தச் சொல்லைக் கேட்டுக் கடைக்கு நடுவிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த யோசனை முழுக்க என்னுடையது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் படியில் இறங்கும்போதே புருவத்தால் யசோதாவுக்குச் சைகை காட்டிவிட்டேன், அவள் தனக்குத் தெரியாது என்கிறாள், அடக்கமான பிள்ளை.

பேச்சு முடிந்தது, இனிக் கப்பலில் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எல்லாரும் ஆசையாகத் திரும்பினோம். அதையாவது உன் கப்பல் செய்யவிட்டதா? அன்று இராத்திரி கடல் புரண்ட புரளலில் சென்னை போய்ச் சேரும் வரை ஆறு பேரும் படுத்த படுக்கை. சாப்பாட்டு மண்டபத்தை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. ஆகவே மருமகனே, உன் ஆபீஸ் வாசலில் தொங்கும் அந்தக் கப்பல் படத்தை இன்றே கழற்றி அடுப்பில் போடு. கப்பல் என்பது மனிதர்களுக்காக ஏற்பட்டதில்லை, அரிசி மூட்டைக்காக ஏற்பட்டது. என் குடும்பத்தில் இனி ஒருவரும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்துக்குப் போவதில்லை. கல்யாணம் கண்டியில், மண்டபத்தில், நாலு பக்கமும் மண் உள்ள இடத்தில். இது சண்முகநாதன் வாக்கு, மாறாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. மழையில் நனையாதே, பெரியவர்கள் சொல்வதைக் கேள், முருகன் உனக்கு நல்ல புத்தியைக் கொடுத்து நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமன்,
சண்முகநாதன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து ஒட்டப்போகும் நேரம் சம்பந்தி அம்மா போன் எடுத்துப் பேசினார். கல்யாணத்தை அந்தக் கப்பலிலேயே வைக்க வேண்டுமாம். சாப்பிடாமல் விட்டுவந்த சாப்பாடு கண்ணை மூடினாலும் எதிரில் வந்து நிற்கிறதாம், இரு வீட்டாரும் சரிபாதி செலவு போட்டால் அது யார் வீடும் ஆகாது, முதல் நாளிலிருந்தே நிம்மதியாகச் சாப்பிடலாம் என்கிறார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன், இது ஆரம்பத்திலிருந்தே என் மனதில் இருந்த யோசனை என்றும் சொல்லிவைத்தேன், நீயும் அப்படியே சொல்லு. தை மாதத்துக்கு இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் சேர்த்து இடம் பிடித்து வை, மேலே கப்பலைப் பற்றி எழுதியதையெல்லாம் வாசிக்காத மாதிரி இருந்துகொள். ஒன்று மட்டும் கேட்டு உடனே அறிவி: நடுக்கடலில் ஐயர் ஓமம் வளர்த்துப் புகை எழும்பினால், கப்பல்காரன் எங்களுக்கு மறுபடியும் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிடுவானா?