பேச்சுக்கு முன், பேச்சுக்குப் பின்

ஏப்ரல் மூன்று, காலை ஆறு பத்து. மேல் அளவு 128, கீழ் அளவு 82. பெயர்: கடிகாரம்.

என் பிரஷர் நோட்டின் முதல் வரி அது. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு வீட்டில் கிடைத்த பட்டம் அது. அந்த வரியை எழுதியது மனைவி. மற்றதெல்லாம் நான்.

எனக்கு மாரடைப்பு வந்து ஏழு வாரம். ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் இதய நோயாளிகளுக்கு வகுப்பு. கவலை, தனிமை, வீட்டுச் சண்டை மூன்றும் இதயத்துக்கு ஆகாது என்றார் ஆலோசகர் அம்மா. என் காதில் மூன்றாவது மட்டும் விழுந்தது.

“வீட்ல பேச்சு ஜாஸ்திங்க” என்றேன்.

“ரெண்டு வாரம் பிரஷர் பாத்து எழுதுங்க. அப்போ யார் கூட இருந்தீங்கன்னும் எழுதுங்க.”

தீர்மானித்துவிட்டேன். ‘இவரிடம் பேசக் கூடாது’ என்று ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு சீட்டு வாங்கியே தீருவது.

டிப்போவில் பஸ் வருவதற்கு முன்பே வந்த நேரத்தை எழுதிவிடுவது என் வழக்கம். வண்டி எப்படியும் வரும். மனைவி எப்படியும் பேசுவாள். பதினான்கு நாள் கணக்கையும் ஒரே மதியத்தில் முடித்தேன். பேச்சுக்கு முன் 126, பேச்சுக்குப் பின் 164. ஒரு நாள் மட்டும் இரக்கப்பட்டு 158.

தினமும் அவள்தான் என் கையில் பட்டையைச் சுற்றுவாள். நான் மெஷினைத் திருப்பிக்கொள்வேன்.

“எழுதிட்டீங்களா?”

“ஆச்சு.”

“நெஞ்சு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இருக்கறது தெரியுது. எப்படின்னு கேட்டா வாயைத் திறக்கறதில்ல. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேச வேண்டியிருக்கு.”

இரண்டாவது செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கினாள். “அக்காவைப் பாத்துட்டு மூணு நாள்ல வரேன். நிம்மதியா இருங்க.”

முதல் நாள் சொர்க்கம். மறுநாள் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. வியாழன் மதியம் நெஞ்சு என்னவோ செய்தது. நானே பட்டையைச் சுற்றினேன். 172. நோட்டில் எழுத இடமில்லை. வியாழக்கிழமையில் ஏற்கெனவே 164 உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை மனைவியும் கூட வந்திருந்தாள். ஆலோசகர் அம்மா நோட்டைப் படித்தார். “வியாழன். மனைவி பேச்சுக்குப் பின், 164.”

“வியாழக்கிழமை நான் எங்கக்கா வீட்ல இருந்தேங்க” என்றாள் மனைவி.

“போன்ல பேசினே” என்றேன்.

“பக்கத்து வீட்டு டெய்லர்கிட்டதான் பேசினேன். மணிக்கொரு தரம் உங்களை ஜன்னல்ல எட்டிப் பாத்துச் சொன்னார்.”

பையிலிருந்து மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பார்த்த அளவையெல்லாம் அது நினைவில் வைத்திருக்குமாம். எனக்குத் தெரியாது. அவள் இருந்த நாளெல்லாம் நூற்று இருபதுகள். வியாழன் மதியம் மட்டும் 172.

“அப்போ என்ன ஆச்சு?” என்றார் ஆலோசகர் அம்மா.

“பயமா இருந்துச்சு.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“சொல்ல ஆள் இல்ல.”

மனைவி நோட்டை இழுத்து வியாழக்கிழமை மேல் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள்: “திங்கக்கிழமையே நோட்டுல வியாழக்கிழமை வந்திருந்துச்சுங்க. அதான் கிளம்பினேன்.”

சீட்டு கிடைத்தது, முத்திரையோடு. ‘தினம் அரை மணி நேரம் மனைவியிடம் மனம் விட்டுப் பேசவும்.’

மே பதினான்காம் தேதி, சனிக்கிழமை வகுப்பில், ‘நோயாளியைப் பேச வைப்பது எப்படி’ என்று என் மனைவி முக்கால் மணி நேரம் பேசினாள். கேட்டவர்கள் இருபத்திரண்டு பேர். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.