அக்காவின் லேப்டாப்பும் அத்தானின் குறியாக்கமும்

உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான வீடு எங்கள் அத்தானுடைய வீடுதான். வங்கிகளில் திருட்டுப் போகிறது. ராணுவ ரகசியங்கள் கசிகின்றன. பெரிய பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் எவனெவனோ புகுந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். அத்தான் வீட்டு வைஃபைக்குள் மட்டும் இதுவரை ஒருவரும் அத்துமீறி நுழைந்ததில்லை. வீட்டில் இருப்பவர்களே நுழைவது கஷ்டம் என்னும்போது வெளியாளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

அத்தான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவின் துணைத் தலைவர். அந்தப் பிரிவில் மொத்தம் இரண்டு பேர், மற்றவர் தலைவர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, 'அனைவரும் தங்கள் கடவுச்சொல்லை உடனடியாக மாற்றவும்' என்று சுற்றறிக்கை அனுப்புவது அத்தானுடைய பொறுப்பு. பதினைந்தாம் தேதி, 'மறந்துபோன கடவுச்சொற்கள் குறித்து இப்பிரிவை அணுக வேண்டாம்' என்று இன்னொன்று அனுப்புவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

நான் அக்காவின் தம்பி. ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். அத்தான் வீட்டின் கடைசி அறையில் நாலு வருடமாகத் 'தற்காலிகமாக'த் தங்கியிருக்கிறேன். நான் அத்தானை உயர்வாகப் பேசுவதற்கும் அந்த அறைக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது.

வீட்டு ரவுட்டரை அத்தான் மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவருடைய இடுப்பில். வைஃபையின் பெயர் யார் கண்ணிலும் படாதபடி மறைத்திருந்தார். குறியாக்கத்தை அதன் உச்சத்தில் வைத்திருந்தார். குறியாக்கம் என்பது வேறொன்றுமில்லை. காற்றில் போகும் சங்கதியை நடுவில் எவனாவது பிடித்தாலும் அவனுக்குத் தலையும் வாலும் புரியாதபடி உருமாற்றி அனுப்புவது. அத்தான் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் அந்தத் துறை அவருக்கு இயல்பாக வந்தது. பெயர் என்னவோ கம்பியில்லா இணைப்பு. உள்ளே இருந்த நாங்கள் கம்பி எண்ணிக்கொண்டிருந்தோம்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவள். மகள் பிறந்ததும் 'கொஞ்ச நாளைக்கு' நிறுத்தினாள். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருடமாக நீண்டுவிட்டது. கடந்த ஆறு மாதமாக, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு இப்போதைய வரைபட மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டாள். ஒரு கட்டட நிறுவனத்துக்கு விண்ணப்பமும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேர்காணல். நேரில் வர வேண்டாம், லேப்டாப் வழியாகவே பேசலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"என்னங்க, என்னைக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் அக்கா.

அத்தான் செய்தித்தாளை நாலாக மடித்தார். "நல்ல விஷயம். ஆனா யாரு என்னன்னு விசாரிச்சியா? இப்பல்லாம் மோசடி ஜாஸ்தி."

"பெரிய நிறுவனங்க. நீங்க ஆபீஸ் போற வழியிலதான் இருக்கு."

"வழியில இருக்கறதையெல்லாம் நம்பிட முடியாது," என்று சொல்லிவிட்டு அத்தான் எழுந்து தன் அறைக்குள் போனார். வாழ்த்துச் சொல்ல வார்த்தை தேடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்காவின் லேப்டாப் வைஃபையில் சேரவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டது, வாங்கிக்கொண்டது, கொஞ்ச நேரம் சுற்றியது, 'இணைக்க முடியவில்லை' என்றது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதையே சொன்னது.

"உங்க போன்ல வருது, டிவில வருது. என்னோடதுல மட்டும் வரலைங்க."

அத்தான் லேப்டாப்பை மூடித் திறந்து, நாடி பார்ப்பதுபோல் விரல் வைத்துப் பார்த்தார். "உன் லேப்டாப் பழசு. நம்ம குறியாக்கம் மூணாம் தலைமுறை. அது பேசற பாஷை இதுக்குப் புரியல."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் புரிஞ்சுதே."

"புரிஞ்ச மாதிரி நடிச்சிருக்கு."

பழுதைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று அத்தான் அந்த வாரம் முழுவதும் விடுப்பு எடுத்தார். மகள் பிறந்த அன்று அரை நாள் விடுப்பு எடுத்துவிட்டு, பிற்பகல் அலுவலகத்துக்குப் போனவர் அவர். ஒரு பழைய லேப்டாப்புக்காக இப்படித் தன்னையே வருத்திக்கொண்டதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் 'பழுது ஆய்வுக் கூட்டம்' கூடியது. அத்தான் தலைவர். நான் செயலாளர். அக்கா 'பாதிக்கப்பட்ட தரப்பு'. தலைவர் அரை மணி நேரம் வரவேற்புரை ஆற்றியபின் பாதிக்கப்பட்ட தரப்புக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட்டது.

"கேபிள் ஒண்ணு சொருகிப் பாக்கலாமா? ரவுட்டர்லருந்து நேரா லேப்டாப்புக்கு?"

"கம்பியையா? கம்பிய எவன் வேணும்னாலும் வெட்டலாம்."

"வீட்டுக்குள்ள வந்து யாருங்க வெட்டப் போறா?"

"இப்படி நினைக்கறவங்க வீட்லதான் வெட்டறான்."

யோசனை நிராகரிக்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டேன். அக்காவின் போனில் பேச மட்டும்தான் முடியும். 'வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே' என்று அத்தான் அதற்கு இணைய வசதி வாங்கவில்லை. என்னுடைய போனிலிருந்து இணைப்புத் தரலாமா என்று நான் கேட்டேன். அந்த வீட்டில் என் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் குளியலறை ஜன்னல். "குளியலறையில உக்காந்து நேர்காணலா? அவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் அத்தான். அதுவும் நிராகரிக்கப்பட்டது.

கூட்டத்தின் முடிவில் கடவுச்சொல்லை மாற்றுவது என்று தலைவர் ஏகமனதாகத் தீர்மானித்தார். இருபத்துநாலு எழுத்தாக இருந்தது நாற்பத்தொன்று ஆயிற்று. அதை அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அக்கா தட்டினாள். மூன்று முறை தட்டினாள். மூன்று முறையும் 'இணைக்க முடியவில்லை'. அத்தான் ஒவ்வொரு முறையும் அக்காவின் விரல்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

புதன்கிழமை அக்காவே இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் மறுமுனைக்காரர் பேசியது எனக்கும் கேட்டது.

"ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க மேடம்."

"அலமாரில வச்சுப் பூட்டியிருக்கு."

"யாரு பூட்டினாங்க?"

"வீட்ல."

மறுமுனை கொஞ்சம் தயங்கியது. "அப்ப வீட்ல கேட்டுப் பாருங்களேன்." பிறகு, பழுது பார்க்க ஆள் அனுப்புவதாகவும், வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றும் சொல்லிப் பதிவு செய்துகொண்டது.

நேர்காணல் வியாழக்கிழமை. அத்தான் அக்காவைத் தேற்றினார். "தேதிய மாத்திக் கேளு. நீ வேணும்னா அவங்க காத்திருக்கட்டும். இந்தா, நானே கடிதம் எழுதி வச்சிருக்கேன்."

அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "திங்கக்கிழமை தேதி போட்டிருக்கே."

"முன்னெச்சரிக்கை," என்றார் அத்தான்.

அன்று மதியம் சமையலறைப் பக்கம் போனேன். அக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நான் கழித்துப்போட்ட மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் மாடிப்படி வரைந்துகொண்டிருந்தாள். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தன.

"கை மறக்கலடா," என்றாள். "அதான் பாத்துக்கிட்டேன்."

ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை பாக்கியிருந்தது.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அத்தான் இறுதித் தீர்வை அறிவித்தார். "லேப்டாப்ல இருக்கறதையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா சரியாயிடும். மூணு மணி நேரம் ஆகும். பரவாயில்ல, எனக்கு லீவுதான்."

அதில்தான் அக்காவின் வரைபட மென்பொருள் இருந்தது. ஆறு மாதமாக அவள் வரைந்ததெல்லாம் இருந்தது. அத்தானின் விரல் விசைப்பலகையை நோக்கி இறங்கியது.

"கொஞ்சம் குடுங்க," என்று அக்கா லேப்டாப்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

எதிர்ச்சாரியில் ஒரு சலவைக்கடை. வரிசையாக ஆறு இயந்திரங்கள், ஒரு பெஞ்சு, ஒரு மேசை. கடைக்காரம்மா போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடையில வைஃபை இருக்காங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. துவைக்க வர்றவங்களுக்கு மட்டும்தான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். நாலு வருடத்தில் அக்காவுக்காக நான் செய்த முதல் காரியம் அது.

"பாஸ்வேர்டு?"

"எட்டு ஒண்ணு."

"எட்டு, ஒண்ணா?"

"இல்லம்மா, எட்டுத் தடவை ஒண்ணு."

நான் மூன்று எண்ணுவதற்குள் இணைப்பு வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட கடைக்காரம்மா, ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களை நிறுத்தினார். மூட்டையோடு உள்ளே வந்த ஒருவரை வாசலிலேயே மறித்தார். "அரை மணி கழிச்சு வாங்க. உங்க அழுக்கு எங்கேயும் ஓடிடாது."

பனியனோடு நான் ஒதுங்கி நின்று கேட்டேன். நேர்காணல் செய்தவர் திரையில் ஒரு மூன்று மாடி வீட்டின் வரைபடத்தைக் காட்டி, இதில் என்ன தவறு என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டாவது மாடில பின்பக்க அறைக்குக் கதவே இல்லைங்க. உள்ள ஆள் இருந்தா வெளிய வர வழியில்ல."

இதுவரை பேசிய பதினாலு பேரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றார் அவர். அக்காவின் பதினோரு வருட அனுபவம் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தான் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். பொது வைஃபையா என்று கேட்டார். ஆம் என்றோம். கடவுச்சொல் என்ன என்று கேட்டார். சொன்னோம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  மாலையில் அக்காவுக்குப் போன் வந்தபிறகுதான் வாய் திறந்தார்.

"எட்டு ஒண்ணை நம்பிப் போனியே, உன் விவரம் பூரா வெளிய போயிருக்கும், தெரியுமா?"

"போச்சுங்க," என்றாள் அக்கா. "போய்ச் சேர வேண்டிய இடத்துல சேந்துருச்சு. திங்கக்கிழமைலருந்து வரச் சொல்லிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை அத்தான், "இனிமே பழுது பாக்க ஆள் எதுக்கு, வேண்டாம்னு சொல்லிடு," என்றார்.

"வரட்டுங்க. ஒரு வாரமா உங்களை இந்தப் பாடு படுத்துனது எதுன்னு தெரிய வேண்டாமா?"

இணைய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் டேப்லெட். அத்தான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "நிர்வாகி பாஸ்வேர்டு ரகசியம். யாருக்கும் தர முடியாது."

"வேண்டாம் சார். எங்க பக்கத்துலருந்தே பாத்துக்கலாம்," என்று அவள் டேப்லெட்டில் இரண்டு இடம் தொட்டாள்.

அத்தான் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"குறியாக்கத்துல ஒண்ணும் இல்ல மேடம், உங்க லேப்டாப்புக்கு ஒத்துப் போறதுதான். பாஸ்வேர்டும் சரி. ஆனா தடைப் பட்டியல்ல ஒரு கருவி இருக்கு. ஒண்ணே ஒண்ணு." லேப்டாப்பைத் திருப்பி அடியில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். "இதுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு இருபத்திரண்டுக்குச் சேத்திருக்கு. இது பட்டியல்ல இருக்கற வரைக்கும் என்ன பாஸ்வேர்டு போட்டாலும் உள்ள விடாது."

"யாரு சேத்தது?" என்று அக்கா கேட்டாள்.

"ரவுட்டரோட நிர்வாகி." அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "பேரும் வச்சிருக்காங்க. 'அன்னியர் ஒன்று'ன்னு."

"அது சில சமயம் தானாவே அப்படி ஆகும்," என்றார் அத்தான்.

"தானாப் பேர் வைக்காது சார்."

தன் கையால் பூட்டிவிட்டு, விடுப்பெடுத்து, கூட்டம் போட்டு, நாற்பத்தொரு எழுத்தைத் தொண்டை வறளப் படித்து, நாலு நாள் சாவி தேடிக் காட்டிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அத்தானைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தது போலத்தான் பார்த்தாள்.

"எடுத்துடட்டுமா மேடம்? ஒரு தடவை தொட்டாப் போதும்."

"இருக்கட்டும்மா. இனிமே எனக்கு இந்த வைஃபை தேவைப்படாது."

அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். "பழுது எங்க இருந்துச்சுன்னு எழுதி வாங்கிட்டுப் போகணும். லேப்டாப்பா, ரவுட்டரா, வெளிக் கம்பியா, எதுல குறி போட?"

"வேற கட்டம் இல்லையா?"

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. அதை யாரும் போடறதில்ல."

அக்கா பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில், வரைபடத்தின் ஓரத்தில் எழுதுகிற அந்தச் சின்னச் சீரான எழுத்தில், 'வீட்டுக்காரர்' என்று எழுதினாள்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது: 'பழுது நீக்கப்பட்டதா? ஆம் / இல்லை'.  அக்கா இரண்டையும் அடித்துவிட்டு, அத்தானே பெருமைப்படக்கூடிய அலுவலக நடையில் எழுதினாள்:

'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.'