ஒன்பதாம் எண்ணுக்கு ஓர் அறை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீயும் மாமாவும் மாமாவின் சர்க்கரையும் அங்கே இருந்தபடியே இருக்க வேண்டும். சர்க்கரை மட்டும் கொஞ்சம் இறங்கினால் நல்லது.

மாமா போனில் கேட்டார்: "எலிக்குக் குடலை வெட்டி ஒட்டினா சர்க்கரை இறங்குதாமே, உங்க டாக்டரம்மாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்." பதினெட்டு வருடமாக இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இறங்குவது உண்மைதான். தின்றது சிறுகுடலின் முன்பகுதியைத் தொடாமல் நேரே கீழே போகும்படி டாக்டரம்மா இணைத்துத் தைக்கிறார். சில வாரங்களில் வாலில் எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பாதியாகிவிடுகிறது. ஆனால் அது ஆபரேஷனால் இறங்கியதா, தீனி குறைந்ததால் இறங்கியதா என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு எலிக்கும் ஜோடியாக இன்னோர் எலி உண்டு. அதன் வயிற்றையும் கிழிப்பார்கள், உள்ளே ஒன்றும் செய்யாமல் அப்படியே தைத்துவிடுவார்கள், அப்புறம் ஆபரேஷன் ஆன எலி எத்தனை கிராம் தின்றதோ அத்தனை கிராம்தான் இதற்கும். அதாவது மாமாவுக்கு வயிறு மந்தம் என்றால் உனக்கும் சோறு கிடையாது.

ஒன்பதாம் எண் அப்படிப்பட்ட ஜோடி. தராசில் அதன் பங்கை நிறுத்து வைப்பது என் வேலை. ஆபரேஷன் ஆனது கொஞ்சம் கொறித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்; இது தன் பங்கை நொடியில் முடித்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்க்கும். ஒன்றுமில்லாததற்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டு பட்டினியும் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை அக்கா. தினமும் நாலு வேர்க்கடலை கொடுத்தேன், இரண்டு மாதமாக. எடை ஏறியது, சர்க்கரையும் ஏறியது. டாக்டரம்மா அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மட்டும் ஏன் இப்படிப் போகுதுன்னே புரியல. நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?" என்று கேட்டார். "தூக்கம் சரியில்ல போலிருக்கும்மா" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையோடு ஆராய்ச்சி முடிகிறது. முடிந்ததும் எல்லா எலிகளையும் கொன்று குடலை எடுத்துப் பார்ப்பது வழக்கம். எத்தனையோ தடவை பார்த்ததுதான், இந்தத் தடவை எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக் காலை கடலை விஷயத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். கணக்கு கெட்டுப்போன எலி உங்களுக்கு எதற்கம்மா, என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சப் போகிறேன். என் வாடகை அறையில் பிராணிக்கு இடமில்லை. அதனால் சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். எலியைக் கண்டால் நீ நாற்காலிமேல் ஏறிவிடுவாய் என்று தெரியும். போன தடவை ஏறியபோது மாமாதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார், நாற்காலியை. தயவுசெய்து மாடி அறையை ஒழித்து வை. உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் நாற்காலியிடம் முன்கூட்டியே ஒரு மன்னிப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: நேற்று எழுதியதை இன்று தபாலில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறையை ஒழிக்க வேண்டாம். காலையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே டாக்டரம்மா, "அந்த ஒன்பதுதான் குழப்புது. வெள்ளி வரைக்கும் எதுக்கு, முதல்ல அதையே பார்த்துடலாம்" என்றார். கூண்டைத் திறந்ததும் தானாகவே என் கைமேல் ஏறிக்கொண்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அக்கா. வேலை போய்விடுமே என்று பேசாமல் நின்றுவிட்டேன்.