ரோஸ் கலர் போஸ்டரைத் தின்ற புள்ளிச்சி

ஒரு காட்டில், ரோஸ் கலர் வந்து சேர்வதற்கு ஒரு மாதம் முன்னால், புள்ளிச்சி என்ற வெள்ளாட்டுக்கு மடியில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. பால் குடித்துக்கொண்டிருந்த சின்னக் குட்டி ஒரு முட்டு முட்டியது. முட்டிய இடத்தில் ஏதோ உருண்டது. புளியங்கொட்டை அளவுதான். வலி இல்லை.

வலித்திருந்தால் கத்தியிருப்பாள். வலிக்காததால் கவலைப்பட ஆரம்பித்தாள். கவலைப்படுவதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. மழை பெய்தால் குட்டிகளுக்குச் சளி பிடிக்குமே என்று கவலை. பெய்யாவிட்டால் தழை காயுமே என்று கவலை. கவலை வந்துவிட்டால் அவளுக்குக் காகிதம் தின்ன வேண்டும். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், எதுவானாலும் சரி. மைதா பசை ஒட்டியிருந்தால் இன்னும் விசேஷம்.

கட்டியை யாரிடம் சொல்வது? அந்தக் காட்டில் ‘மடி’ என்ற சொல்லை நாலு பேர் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். ‘அது’ என்பார்கள். சொல்லிவிட்டுக் கண்ணால் கீழே ஜாடை காட்டுவார்கள். புள்ளிச்சி இரண்டு நாள் யோசித்து, மூன்று காலண்டர் தின்று, கடைசியில் பக்கத்துத் தொழுவத்துப் பசு பூரணத்திடம் போனாள்.

“அக்கா, எனக்கு அதுல ஒரு இது இருக்கு.”

“எதுல எது?”

“அதுலதான்க்கா. இது.”

பூரணம் அசைபோடுவதை நிறுத்தினாள். “அய்யய்யோ, மெதுவாச் சொல்லுடி. உன் மூத்த குட்டிக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா? தானா வந்தது தானா போயிடும். வாயைத் திறக்காதே.”

புள்ளிச்சி வாயைத் திறக்கவில்லை, காகிதத்துக்குத் தவிர.

இந்தச் சமயத்தில்தான் நரி நல்லதம்பி பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டு வந்தான். அவனுக்கு அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. தவிடு புழுத்துக் கிடந்தது. உண்ணிப் பொடியை உண்ணிகளே மதிக்கவில்லை.

“அங்கே ஒரு மாசம் பூரா ரோஸ் கலர்ப்பா,” என்றான் கூட்டாளிகளிடம். “பொம்பளைங்களுக்கு அதுல வர்ற வியாதி இருக்கு பாரு, அதுக்கு உதவின்னு சொல்லிட்டா எதை வித்தாலும் போகுது.”

மறுநாள் காடே ரோஸ் கலர். அதே புழுத்த தவிடு, ரோஸ் பையில். அதே உண்ணிப் பொடி, ரோஸ் டப்பாவில். பசுக்களுக்கு ரோஸ் மூக்கணாங்கயிறு. ‘எலிப் பெண்களின் நலனுக்காக’ என்று எழுதிய ரோஸ் எலிப்பொறிகூட வந்தது. மரத்துக்கு மரம் போஸ்டர். போஸ்டரில் இரண்டு இளநீர், கண்ணடிப்பதுபோல. அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘அதைக் காப்போம்!’

எதை என்று போஸ்டரில் போடவில்லை. போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று நரியின் கமிட்டி முடிவு செய்திருந்தது. அதனால் சேவல் கொண்டையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து ரோஸ் தவிடு இரண்டு பை வாங்கியது. கழுதை தன் வாலுக்காக நாலு பை வாங்கியது. விஷயம் புரிந்தவர்கள் பெண்கள் மட்டும்தான். அவர்களுக்கு வேறு சந்தேகம் வந்தது.

“படத்துல ரெண்டுதானே போட்டிருக்கான்?” என்றாள் பூரணம். “எனக்கு நாலு காம்பு. மிச்சம் ரெண்டை யாரு காப்பா?”

“பன்னெண்டு வெச்சிருக்கிற நானே வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன்,” என்றாள் பன்றி பாக்கியம். “நீ பேச வந்துட்டே.”

புள்ளிச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கவலையோடு போஸ்டரின் ஓரத்தைத் தின்ன வாயைக் கொண்டுபோனபோதுதான், அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி தெரிந்தது. ‘வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் இலவசப் பரிசோதனை. டாக்டர் வருகிறார்.’ அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வரிசையில் நின்றாள். முன்னால் நூறு பேர். சூரியன் உச்சிக்கு வந்தபோது, மேஜையில் உட்கார்ந்திருந்த கிளி அவளிடம் ஒரு படிவத்தை நீட்டியது.

“எந்த உறுப்பு? கொம்பு, குளம்பு, வால், இதர. டிக் போடு.”

“மடின்னு போடலையே சார்?”

கிளி இரண்டு இறக்கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. “பொது இடத்துல பேசுற பேச்சா இது? குடும்பத்துப் பொம்பளைதானே நீ?”

கிளியின் தலைக்கு மேலே, யானை உயரத்துக்கு ஊதிய இரண்டு இளநீர் பலூன்கள் காற்றில் குலுங்கிக்கொண்டிருந்தன.

புள்ளிச்சி ‘இதர’வில் டிக் போட்டாள். இதர கவுன்டரில் ஒரு முயல் அவள் கழுத்தில் ரோஸ் ரிப்பனைக் கட்டியது. ஓட்டை போட்ட ஒரு அட்டையைக் காட்டி, தலையை உள்ளே விடச் சொன்னது. விட்டாள். படம் எடுத்தார்கள். இளநீர்க் குலைக்கு நடுவில் அவள் முகம்.

“டாக்டர் எங்கேம்மா?”

“டாக்டரா?” முயல் யோசித்தது. “நோட்டீஸ்ல போட்டிருந்தா இருப்பாங்க அத்தே. எங்கேன்னுதான் தெரியலை. அடுத்த ஆள் வாங்க!”

அதற்குள் மேடையில் சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். சிறுத்தை. விருந்துக்கு வந்தவரோ என்று பயந்து ஆடுகள் நாலடி தள்ளி நின்றன.

“வெள்ளாடுகள் ஆரோக்கியமாக இருக்கவேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்படுகிறவர் இந்தக் காட்டில் இல்லை,” என்றார் சிறுத்தை. பேசும்போதே வாய் ஊறியது. ரோஸ் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கிருந்தோ டொக் டொக்கென்று மேளம் வேறு கேட்டது.

புள்ளிச்சி வெயிலைப் பார்த்தாள். குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருக்கும். கட்டி அங்கேயேதான் இருந்தது. அது நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதோ என்றும் தோன்றியது. டாக்டரைப் பார்க்காமல் போனால் இன்னொரு தடவை வரத் தைரியம் இருக்காது என்று அவளுக்கே தெரியும். கவலை முற்றியது. படிவத்தைத் தின்றாள். ரிப்பனைத் தின்றாள். போதவில்லை. மேடைக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் தட்டியை மூடி, இருப்பதிலேயே பெரிய போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. வாசனை வந்தது.

புள்ளிச்சி கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். ‘காப்போம்’ போனது. ‘அதை’யைத் தின்றபோது அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. தட்டியில் ஒரு வாசல். உள்ளே ஒரு மேஜை, மருந்துப் பெட்டி, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மரங்கொத்தி.

“வாங்கம்மா,” என்றார் மரங்கொத்தி டாக்டரம்மா. “காலையிலேருந்து நீங்கதான் முதல் ஆள். என் வாசல்லேயே போஸ்டரை ஒட்டிட்டாங்க. உள்ளேருந்து கொத்திக் கொத்திக் கூப்பிட்டேன். மேளம்னு நினைச்சுக் கை தட்டுறாங்க. சரி, உங்களுக்கு என்ன பண்ணுது?”

“அதுல ஒரு இது, டாக்டரம்மா.”

“எதுல எது? இந்த ஜாடையெல்லாம் எனக்குப் புரியாது. பேரைச் சொல்லுங்க.”

புள்ளிச்சி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“மடியில கட்டி!”

ஆட்டுக்கு மெதுவாகச் சொல்ல வராது. மேடை மைக் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. மைதானம் முழுக்க, ஆற்றுக்கு அக்கரை வரைக்கும், “மடியில கட்டி, டியில கட்டி” என்று போய்த் திரும்பி வந்தது.

கிளி மயங்கி மேஜையில் விழுந்தது.

“எனக்கும் ஏழாவதுல ஒண்ணு உருளுது,” என்றாள் பாக்கியம் திடீரென்று. அவள் வரிசையை விட்டு நகர்ந்து தட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு மான். அதற்குப் பின்னால் எருமை. கடைசியில், தலையைத் தொங்கப்போட்டபடி பூரணம்.

“பொங்கல்லேருந்து இருக்குடி,” என்றாள் புள்ளிச்சியின் காதில். “பின்பக்கத்து இடதுல.”

டாக்டரம்மா முதலில் புள்ளிச்சியைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “நல்ல சமயத்துல வந்தீங்க. சின்னதாத்தான் இருக்கு. எடுத்துடலாம்.” எடுத்தும்விட்டார். புள்ளிச்சி அன்று ராத்திரிதான் ஒரு மாதத்துக்குப் பிறகு காகிதம் தின்னாமல் தூங்கினாள்.

பத்தாம் நாள் தையலைக் காட்டப் போனாள். வழியெல்லாம் புதுப் போஸ்டர். வாயில் காகிதத்தோடு அவளுடைய முகம். ‘தின்றாள்! பிழைத்தாள்! கட்டி கரைக்கும் ரோஸ் போஸ்டர், இப்போது கூடுதல் மைதாவுடன்!’ நரி கடையில் ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மாவின் தட்டி எங்கே என்று தேடினாள். போஸ்டர் ஒட்ட அதைவிடத் தோதான இடம் நல்லதம்பிக்குக் கிடைக்கவில்லை. உள்ளே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. வெளியே இரண்டு பேர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புள்ளிச்சி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நீதி: விழிப்புணர்வு போஸ்டர் இருக்கும் இடத்தில் டாக்டரும் இருப்பார், அதற்குப் பின்னால். பசியோடு போகவும்.