முள்ளம்பன்றியும் மூன்றாவது டையோடும்

ஒரு காட்டில், வீட்டுக்கு வீடு மின்சார மீட்டர் மாட்டிய பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்ட ஒரு காட்டில், வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். உடம்பெல்லாம் முள்ளாக இருந்தும் யாரையும் குத்தாத சுபாவம். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் லேசர் செய்வது. மற்றவர்கள் சீட்டாடும் நேரத்தில் இவர் பழைய புரொஜெக்டர்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு டையோடைப் பதமாகக் கழற்றி எடுப்பார். அதற்கு அளவாக மின்சாரம் கொடுத்தால் நீல ஒளி நேர்கோடாகப் பாயும். கொஞ்சம் கூடிப்போனால் கண் மூடித் திறப்பதற்குள் டையோடு செத்துப்போகும். அதன் பிறகு ஜீரோ வாட் பல்பு மாதிரி மங்கலாக எரிவதோடு சரி.

இப்படி இரண்டு டையோடுகள் போய்விட்டன. இரண்டையும் கொன்றது ஒரு பழைய லேப்டாப் சார்ஜர். கையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அவர் மனைவி தையல்நாயகி பெயருக்கேற்ற தொழில் செய்தாள். வீட்டில் இருந்ததோ ஒரே மேஜை, அது முழுக்க வேலாயுதத்தின் வயர்கள். அவள் ஆறு வருடமாகத் தரையில் உட்கார்ந்து, கை மெஷினைச் சுற்றிச் சுற்றிக் காட்டுக்கே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது டையோடு போன அன்று மெஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, மூணாவதும் போச்சுன்னா மேஜை எனக்கு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

வேலாயுதம் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரே தவிர, மேஜை இல்லாத லேசர்க்காரனை யார் மதிப்பார்கள் என்று ராத்திரி முழுக்க அந்த மேஜையையே சுற்றி வந்தார்.

தப்பு சார்ஜருடையதுதான், தன்னுடையது இல்லை என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆகவே மின்சாரம் கொடுக்க நம்பகமான சப்ளை ஒன்று வாங்கத் தீர்மானித்தார். வோல்டேஜுக்கு ஒரு குமிழ், கரண்டுக்கு ஒரு குமிழ் என்று வைத்த பெட்டி அது. பெஞ்ச் பவர் சப்ளை என்று பெயர். காட்டின் வாட்ஸ்அப் குழுவில், நல்ல பெஞ்ச் பவர் சப்ளை எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போட்டார். குழுவில் இருந்த யானை கஜேந்திரன் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். எதையும் பாதி படித்தாலே அவருக்குப் போதும். சாயங்காலம் வாசலில் இருபது பெஞ்சுகளும், பவருக்கென்று ஒரு ஜெனரேட்டரும் வந்து இறங்கின. காதுகுத்தா, வளைகாப்பா என்று அன்போடு விசாரித்தார். அவ்வளவையும் திருப்பி அனுப்ப இரண்டு நாள் ஆயிற்று.

காட்டில் லேசர் செய்கிற இன்னொருவன் குரங்கு தாவீது. அவன் செல்போனைத் தடவி அதே மாதிரி ஒரு பெட்டி வரவழைத்திருந்தான். எண்கள் நீலமாக மின்னின. பத்து ஆம்பியர் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஒரே விரலில் தூக்கிக் காட்டினான். வேலாயுதம் வெளியே பாராட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நல்ல சப்ளை கனமாக இருக்கும், போடும்போதும் அணைக்கும்போதும் அளவு காட்டும் ஊசி துள்ளாது என்று அவர் விசாரித்து வைத்திருந்தார்.

அப்படி ஒன்று ஏரிக்கரையில் ஆமையாரின் ரிப்பேர் கடையில் கிடைத்தது. தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. வேலாயுதம் முப்பது தடவை போட்டு முப்பது தடவை அணைத்துப் பார்த்தார். ஊசி துளிகூடத் துள்ளவில்லை. கிளம்பும்போது ஆமையார் ஒன்றே ஒன்று சொன்னார்.

"தம்பி, மொதல்ல கரண்டைக் குறைச்சு வெச்சுக்கங்க. அப்புறம் மெல்ல ஏத்துங்க."

அந்தக் காட்டில் கரண்ட் என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். கரண்ட் வந்துவிட்டதா, கரண்ட் போய்விட்டதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா. ஆமையார் சொன்னது பெட்டியிலிருந்த குமிழை. வேலாயுதம் கேட்டதோ மின்வாரிய அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும் அறிவுரையை. கரண்ட் என்று எழுதிய அந்தக் குமிழ் எதற்கு என்று அவருக்கு உண்மையில் தெரியாது. இரண்டு டையோடுகளைக் கொன்ற அனுபவசாலி அதைப் போய்க் கேட்பதா என்று கூச்சம். பெரியவர் சிக்கனமானவர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கம்பக்கம் எல்லாம் வேலாயுதம் வீட்டில் கூடியது. தாவீதும் தன் லேசரோடு வந்திருந்தான். லேசரால் வெடிக்க வைப்பதற்காக எதிர்ச் சுவரில் இருவருக்கும் ஆளுக்கொரு பலூன் கட்டியிருந்தார்கள். வேலாயுதம் ஆமையார் சொன்னபடியே முதலில் கரண்டைக் குறைத்தார். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜை நிறுத்தினார், டியூப் லைட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தினார். வந்தவர்களுக்கு வியர்த்து வழிந்தது. பிறகு எல்லோரையும் பின்னால் நிற்கச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். வோல்டேஜ் குமிழைக் கொஞ்சம் தாராளமாக ஆறில் வைத்தார். கரண்ட் குமிழுக்கு வந்தபோது, வீட்டையே இருட்டாக்கி மிச்சம் பிடித்த கரண்ட் மொத்தமும் இப்போது டையோடுக்குத்தானே என்று கணக்குப் போட்டு, கடைசிவரை திருகினார்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு நீலக் கோடு தோன்றி மறைந்தது. மூன்றாவது டையோடு மங்கலாக எரிய ஆரம்பித்தது. சப்ளையின் ஊசி மூன்று ஆம்பியரில் ஆடாமல் அசையாமல் நின்றது. பலூனும் அப்படியே இருந்தது.

அடுத்து தாவீது. அவனுக்கும் எந்தக் குமிழ் எதற்கென்று தெரியாது, இரண்டையும் கடைசிவரை திருகினான். பெட்டி ஒரு முறை முனகியது. பத்து ஆம்பியர் என்று எழுதியிருந்த அதற்கு அரை ஆம்பியர் தருவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டது. டையோடுக்கு அந்த அரையே சரியான அளவு. பலூன் வெடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், வேலாயுதமும் தட்ட வேண்டியதாயிற்று.

பெட்டியை மறுபடி மூன்று பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டபோது அவர் முட்கள் முதல் தடவையாகச் சிலிர்த்து நின்றன. ஆமையார் கோபித்துக்கொள்ளவில்லை. மத்தியானம் முழுக்கப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்.

"பெட்டியில ஒரு குத்தமும் இல்ல தம்பி. நீங்க கேட்டதை அப்படியே குடுத்திருக்கு."

பிறகு கரண்ட் குமிழைத் தொட்டுக் காட்டி விளக்கினார். டையோடுக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று கட்டிப்போடுவது அதுதானாம். வேலாயுதத்துக்கு அங்கேயே அழுகை வந்தது. டையோடை நினைத்தா, மேஜையை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது மேஜை மேல் மெஷின் ஏறியிருந்தது. அவர் வயர்களைத் தையல்நாயகி பத்திரமாகச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவரால் சண்டை போட முடியவில்லை. மெஷின் ஊசிக்கு மேலே ஒரு சின்ன விளக்கு இருந்தால் நல்லது என்று அவள் சொல்லியனுப்ப, ஆமையார் உடனே புறப்பட்டுச் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். அந்தப் பெட்டியிலேயே ஒரு பல்பை இணைத்து, குமிழ்களை எப்படித் திருப்புவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் விட்டு விட்டு எரிந்தபோதும் இது மட்டும் கொஞ்சமும் அலுங்கவில்லை. தையல்நாயகி குமிழைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்.

"நல்ல பெட்டியாத்தாங்க வாங்கியிருக்கீங்க. கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இந்த வீட்டுல நான் சொன்னபடி கேக்கற ஒண்ணு இதுதான்."

நீதி: என்ன கேட்கிறோம் என்று தெரியாதவர்கள், கேட்டதைக் கொடுக்காத கருவியையே தேடி வாங்கவும்.