டார்லீன் வாவ்ராவின் பார்வை நேரம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது சக்கரமும் அல்ல, நெருப்பும் அல்ல. பாடம் நடத்தத் தெரிந்தவர்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழ்தான். நெப்ராஸ்காவில் அந்தச் சான்றிதழோடு முதுகலைப் பட்டமும் தரும் கல்லூரி ஒன்றில், சேர்க்கைக் குழுவின் செயலாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் தலைவர் பேராசிரியர் மெர்ட்டன் ஸ்டோக்ஸ். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் தடித் தடியாகப் புத்தகங்கள் எழுதியவர். பிள்ளைகளை நேரில் பார்த்தால் ஆராய்ச்சியின் நடுநிலை கெட்டுவிடும் என்பதால் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அவ்வளவு கட்டுப்பாடு.

போன வசந்தத்தில் டார்லீன் வாவ்ரா என்ற பெண்மணி விண்ணப்பித்தார். கோல்டர் என்ற சோளக்காட்டு ஊரில், கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போன நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகத் “தற்காலிகமாக” கணக்கு நடத்தி வருபவர். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் எங்கள் படிப்பில் இடம் வாங்காவிட்டால் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று கல்வி வாரியம் அவருக்குச் சொல்லிவிட்டது. ஊரில் வேறு கணக்கு ஆசிரியர் கிடையாது.

நேர்காணலில் ஸ்டோக்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

“கற்பித்தல் தத்துவத்தை விளக்குங்கன்னா ஒரே வரி எழுதியிருக்கீங்க. ‘பின்னம் புரியாம யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.’ இது தத்துவம் இல்லையேம்மா, மிரட்டல்.”

“பிள்ளைங்களும் அதையேதான் சொல்லுதுங்க சார்.”

“சரி, பார்வை நேரம்?”

பார்வை நேரம் எங்கள் படிப்பின் உயிர்நாடி. சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் வகுப்பில், கடைசி வரிசையில், வாய் திறக்காமல் நாற்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்தான் எங்கள் வாசற்படி ஏறலாம்.

“அது சைபர் சார். ஒன்பது வருஷமா முன்னாடியே நிக்கிறேன். பின்னாடி போக நேரமே கிடைக்கல.”

“அப்ப வகுப்பறைன்னா என்னன்னே உங்களுக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கலாமா?”

“தாராளமா வெச்சுக்கோங்க. நீங்க கடைசியா எந்தப் பள்ளிக்கூடத்துல பாத்தீங்க சார்?”

‘விண்ணப்பதாரர் பேச்சை மாற்ற முயன்றார்’ என்று குறித்துக்கொண்டேன்.

எங்கள் குழுவுக்கு ஈரமனசு. வெளியூர்ப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தால் கோல்டர் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பதால், சொந்தப் பள்ளியிலேயே பார்க்க அனுமதித்தோம். அங்கே கணக்கு வகுப்பு என்று இருப்பதே அவருடையதுதான். ஆகவே அவர் தன் வகுப்பைத் தானே கடைசி வரிசையிலிருந்து பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டோனட் வழங்கப்பட்டது.

“முன்னாடி யாரு நிப்பாங்க?” என்று கேட்டார் டார்லீன்.

“சான்றிதழ் உள்ள யாராவது.”

சான்றிதழும் ஓய்வும் ஒருங்கே வாய்த்தவர் அதே பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் ரஸ் டீட்ஸ். ஆட்டமெல்லாம் இலையுதிர் காலத்தில்தானே. வசந்தத்தில் மனிதர் சும்மா இருந்தார்.

கடைசி நாள் மேற்பார்வைக்கு நான் போனேன். ஏழாம் வகுப்பு. ரஸ் கழுத்தில் விசிலோடு பலகைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“மூணுல ரெண்டு, நாலுல ஒண்ணு. கூட்டுங்கடா! தப்பா சொல்றவன் மைதானத்தைச் சுத்தி ஓடணும்.”

“நீங்க சொல்லுங்க கோச். ஓடுறதை நாங்க பாத்துக்கறோம்,” என்றது ஒரு குரல்.

ரஸ் மேலே இரண்டையும் ஒன்றையும் கூட்டினார், கீழே மூன்றையும் நாலையும் கூட்டினார். “ஏழுல மூணு!” என்று விசில் ஊதினார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது மொத்த வகுப்பும் டார்லீனைப் பார்த்தது.

“மிஸ், கோச் சொன்னது சரியா?” என்றாள் மேவிஸ் என்ற சிறுமி.

டார்லீன் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு இடம் நிச்சயம்.

“சொல்லுங்க மிஸ். நாளைக்குப் பரீட்சை.”

“தப்புடி கண்ணு,” என்றார் டார்லீன். “ஒரு பீட்சாவை மூணா வெட்டியிருக்கு, இன்னொண்ணை நாலா வெட்டியிருக்கு. துண்டு ஒரே அளவா இல்லாம எப்படிக் கூட்டுவே? ரெண்டையும் பன்னிரண்டா வெட்டு, அப்புறம் எண்ணு.”

“அட, இவ்வளவுதானா!” என்றார் ரஸ். அவர்தான் முதலில் எழுதிக்கொண்டார்.

குழு இதை மிகவும் கடுமையாக எடுத்துக்கொண்டது.

“பாக்கச் சொன்னா பாடம் நடத்தியிருக்காங்க,” என்றார் ஸ்டோக்ஸ், நடுங்கிப்போய். “அதுவும் எல்லாருக்கும் புரியற மாதிரி!”

பார்வை நேரம் முழுவதும் ரத்து. விண்ணப்பம் நிராகரிப்பு. செய்தியைத் தொலைபேசியில் சொல்லும் கடமை எனக்கு.

“அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் மேடம்.”

“அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க வளராம இருக்குமா?” என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தப்படும் அதிகாரம் துணைக்குழுவிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் வந்தது. டார்லீன் மாட்டுத் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ரஸ் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். கோல்டர் பள்ளியின் தலைமையாசிரியர் லோவெல் டெஸ்கே என்னை அழைத்தார்.

“சார், கணக்குக்கு ஒரு ஆள் குடுங்க. உங்ககிட்ட பட்டம் வாங்கினவங்க யாராவது இருந்தாக்கூட பரவாயில்ல.”

“அவங்க எல்லாரும் எங்க குழுவுலதான் இருக்காங்க. விண்ணப்பம் பாக்கவே ஆள் பத்தல சார்.”

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். கிராமத்து மனிதர், நாசூக்கு போதாது.

எங்கள் ஆண்டறிக்கையில் நானே ஒரு வரி சேர்த்தேன்: ‘கோல்டர் பள்ளிக் கணக்கு வகுப்பில் தகுதியற்ற ஆசிரியர் ஒருவர்கூட இல்லை.’ அது முழு உண்மை. ஆசிரியரே இல்லை. பிள்ளைகள் மணி அடித்ததும் உள்ளே போகிறார்கள், மறுபடி மணி அடித்ததும் வெளியே வருகிறார்கள். இடையில் யாரும் அவர்களுக்கு எதையும் தவறாகக் கற்பிப்பதில்லை. இந்தப் பெருமை முழுக்க எங்களையே சேரும்.