பிழையற்றவருக்கு விற்ற நாணயம்

நாணயத்தை நாணயமாக விற்பதற்கு இப்பூவுலகில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது இணையத்தில் இருக்கிறது. கடைவீதி என்பது ஏமாற்றின் விளைநிலம். அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பொருளைக் கையில் எடுத்துப் புரட்டுகிறார்கள். பணத்தை அப்போதே கொடுத்தும் தொலைக்கிறார்கள். இந்த ஆபத்துகள் அனைத்தையும் ஒழித்துக்கட்டிய பெருமை 'பாதுகாப்பான இணையச் சந்தை'யையே சாரும். அங்கே முகம் தெரியாது, பொருள் தெரியாது, சில வேளைகளில் பணமும் தெரியாது. ஏமாறுவதற்கு வேண்டிய எதுவுமே கண்ணில் படாதபோது ஒருவர் எப்படி ஏமாற முடியும்?

இதை அனுபவத்தால் சொல்கிறேன். அரசு அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவள் நான். என் கைபட்டு வெளிவந்த ஆணைகளில் அநீதி இருந்திருக்கலாம், ஒற்றுப்பிழை இருந்ததில்லை.

நாணயம் என்னுடையதன்று, என் தங்கையுடையது. அவள் தையற்காரி. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முன்னறையில் அவளுடைய இயந்திரமும் வெட்டுமேசையும், பின்னறையில் என் அகராதிகளும் குடியிருக்கின்றன. அவளுடைய கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஒருநாள் யாரோ ஒரு பயணி சில்லறையோடு சில்லறையாக ஒரு வெள்ளி நாணயத்தைக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஈடான காசைத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தோல்பையில் போட்ட பிறகே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு நாணயமான மனிதர். ஆகையால் அவர் விட்டுச்சென்ற சொத்தும் அந்த நாணயம் ஒன்றுதான்.

ஏதோ ஒரு பாலம் திறந்ததன் நினைவாக வெளியிட்ட நாணயம் அது. விளிம்பைச் சுற்றியுள்ள வாசகத்தில் ஓர் எழுத்து இரண்டு முறை பதிந்து, அந்தச் சொல்லே திக்கிப் பேசுவதுபோல் இருக்கும். என் மேசையில் இப்படி ஒன்று தப்பியிருந்தால் அவ்வாண்டு ஊதிய உயர்வு தப்பியிராது. ஆகவே அந்த நாணயத்தை நான் ஒருபோதும் நேர்கொண்டு பார்த்ததில்லை.

தங்கைக்கு வயது அறுபத்து மூன்று. பொத்தான் நுழையும் துளையின் ஓரத்தை நூலால் கட்டும் வேலைக்குக் 'காஜா எடுத்தல்' என்று பெயர். அதை அவள் இன்றும் கையாலேயே செய்கிறாள். விரல்மூட்டுகள் வீங்கி, ஊசி பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இருநூறு பள்ளிச் சீருடைச் சட்டைகள் தைக்கும் வேலை வந்தது.

"சட்டைக்கு ஏழு காஜா. மொத்தம் ஆயிரத்து நானூறு. காஜா மெஷின் ஒண்ணு வாங்கினா இன்னும் பத்து வருஷம் தைப்பேன். இல்லன்னா இதோட தொழிலுக்கு முழுக்குதான்க்கா. அவரோட காச வித்துடலாம்" என்றாள்.

பழைய நாணயம் வாங்கும் கடைக்காரரிடம் இருவரும் போனோம். அவர் ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, நாணயத்தை நெடுநேரம் விளிம்போடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா, இது சாதாரணக் காசு இல்ல. எழுத்துல பிழை விழுந்திருக்கு பாருங்க. இந்தப் பிழைக்குத்தான் மதிப்பே. காஜா மெஷின் என்ன, ரெண்டு மெஷின் வாங்கலாம்."

"பிழைக்கு மதிப்பா?" என்றேன்.

"பிழை எவ்வளவு பெருசோ, மதிப்பு அவ்வளவு பெருசும்மா!"

முப்பத்தாறு ஆண்டு உழைப்பை ஒரே வாக்கியத்தில் குப்பையில் கொட்டிய அம்மனிதருக்கு விற்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். போதாக்குறைக்கு, அவருடைய கடைப் பலகையில் 'பழய நாணையம் வாங்கப்படும்' என்று எழுதியிருந்தது.

"பலகையா நமக்குப் பணம் குடுக்கப்போகுது?" என்று தங்கை படியிறங்கும்போது முணுமுணுத்தாள்.

"நாணயம்னு எழுதவே தெரியாதவர்கிட்ட நாணயம் எங்கடி இருக்கும்?" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள். இலக்கணத்தின் வலிமை அத்தகையது.

இவ்வாறாக நாங்கள் இணையச் சந்தையை அடைந்தோம். அதன் வாசலிலேயே 'உங்கள் நாணயம் எங்கள் பொறுப்பு' என்ற வீர முழக்கம் ஒளிர்ந்தது. அடுத்து, 'பாதுகாப்பான விற்ப்பனைக்கு பன்னிரெண்டு விதிகள்'. தலைப்பிலேயே மூன்று பிழைகள்! விதிகளைத் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு ஒரு முழுப் பகல் உட்கார்ந்தேன். நாற்பத்தொரு பிழைகளைத் திருத்தி அச்சந்தைக்கே அனுப்பிவைத்தேன்.

இங்கே எங்கள் தொழிலின் இரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெய்ப்புத் திருத்துபவர் படிப்பதில்லை. படித்தால் பொருளில் மனம் போய்விடும். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும். ஆகவே பன்னிரண்டு விதிகளையும் நான் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அவற்றில் ஒன்றேனும் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

'விற்பனைக்கு ஒரு நாணயம்' என்று விளம்பரம் எழுதினேன். பிழையுள்ள விளிம்பைப் படமெடுக்க எனக்குக் கை வரவில்லை; தங்கைதான் எடுத்தாள்.

முதல் நாளே ஒருவர், 'விளை என்ன' என்று கேட்டிருந்தார். 'விளை என்பது நிலம். வயலில் போய்க் கேட்கவும்' என்று மறுமொழி அனுப்பினேன். அவர் அடங்கவில்லை. 'நள்ள விளை தறேன் அம்மா. நேறில் பனம் தறேன்' என்றார். மொழிக்கு இழைத்த கொடுமையை அதற்கு மேலும் சகிக்க இயலாமல், அவர் இனி எழுத முடியாதபடி செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தக் கடிதம் வந்தது.

'பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் விளம்பரத்தில் 'ஓர் நாணயம்' என்று எழுதாமல், 'ஒரு நாணயம்' என்று முறையாக எழுதியிருப்பதைக் கண்டு கண்கலங்கினேன். இதை அறிந்தவர் இக்காலத்தில் எத்தனை பேர்?'

நானும் கலங்கினேன். கடிதத்தை அச்செடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. பேனாவை மூடி வைத்தேன். பணி ஓய்வு பெற்ற அன்றுகூட எனக்கு அத்தகைய அமைதி கிட்டியதில்லை.

'இவரை மதிப்பிடுக' என்று சந்தை கேட்டது. ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தினேன். 'கருத்து' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினேன்: 'பிழையற்றவர்'.

பிழையற்றவரின் இரண்டாவது கடிதம் இன்னும் சிறப்பு. விலை முழுவதையும் சந்தையின் 'பாதுகாப்புப் பெட்டக'த்தில் செலுத்திவிட்டாராம். நாணயம் அவர் கையை அடைந்ததும் பெட்டகம் தானே திறந்து எங்களுக்குப் பணத்தை வழங்குமாம். முத்திரையிட்ட பற்றுச்சீட்டு ஒன்றும் கூடவே வந்தது. 'பற்றுச்சீட்டு' என்பதில் 'ச்' இருந்தது.

தங்கை மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குறுக்கு விசாரணை செய்தாள்.

"அந்தப் பெட்டகம் எங்கக்கா இருக்கு?"

"இணையத்துல."

"சாவி?"

"அதுவும் இணையத்துலதான்."

"அப்ப நாணயத்தையும் இணையத்துலயே அனுப்பிடேன். எதுக்குத் தபால் செலவு?"

"கிண்டல் பண்ணாதே. வல்லினம் எங்க மிகும், எங்க மிகாதுன்னு அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் தப்புப் பண்ணுவாரா?"

"வல்லினம் எங்க மிகும்னு தெரிஞ்சவருக்குப் பணம் எங்க மிகும்னு தெரியாதா? நான் பணம் வாங்காம ஒரு கைக்குட்டையக்கூடக் குடுக்கறதில்ல."

அன்று பிற்பகலே அவளுடைய அவநம்பிக்கைக்குத் துணைபோவதுபோல் ஒரு செய்தி வந்தது:

'எச்சறிக்கை! உங்கல் வாங்குபவர் மோசடிகாரர் என்று சந்தேகப் படுகிறோம். பனம் வரவில்லை. பொருலை அணுப்ப வேண்டாம். இப்படிக்கு, பாதுகாப்பு குழு.'

ஐந்து வரியில் எட்டுப் பிழைகள்! இது மோசடிக் கும்பல் ஒன்றின் கைவரிசை என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொண்டேன். எட்டையும் சிவப்பில் திருத்தி, 'மோசடி செய்ய விரும்புவோர் முதலில் மொழியைக் கற்றுக்கொள்க' என்ற அறிவுரையையும் அடியில் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.

தங்கை பெருமூச்சு விட்டாள். ஆனால் அக்காள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவள். நீலத் துணியில் உள்ளங்கையளவு பை ஒன்று தைத்து, அதன் வாய்க்கு ஒரு காஜா எடுத்து, ஒரு வெள்ளைப் பொத்தானும் வைத்தாள். நாணயத்தை அதற்குள் இட்டுப் பொத்தானைப் போடுவதற்கு அவள் விரல்கள் மூன்று முறை முயன்றன. "வழியில குலுங்கிக் கீறல் விழக் கூடாதுல்ல" என்றாள். நானே தபாலில் சேர்த்தேன்.

பெட்டகம் பாதுகாப்பாகவே இருந்தது. பத்து நாட்களாகியும் அது திறக்கவில்லை என்பதே அதற்குச் சான்று. பிழையற்றவரும் அதன்பின் ஒரு பிழையும் செய்யவில்லை. எழுதினால்தானே பிழை வரும்?

பதினோராம் நாள் காலையில் பழைய நாணயக் கடைக்காரர் முன்னறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, வயல்ல போய்க் கேளுன்னு என்னை விரட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது நீங்களா?"

"நான்தாம்மா. எழுத்துதான் எனக்குத் தகராறு, காசு தெரியும். இதப் பாருங்க, உங்க காசு அதே சந்தையில மூணு மடங்கு விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கு."

கைப்பேசியை நீட்டினார். தங்கை படத்தைப் பெரிதாக்கினாள். நாணயத்தைப் பார்க்கவில்லை, அதன் கீழே விரித்திருந்த நீலத் துணியைப் பார்த்தாள்.

"என் காஜா" என்றாள்.

விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பகமான உறுப்பினர்' என்று பச்சை முத்திரை ஒன்று மின்னியது. அதன் கீழே ஐந்து நட்சத்திரங்களும், எனக்கு நன்கு பழக்கமான ஒரு சொல்லும் இருந்தன.

உடனே சந்தையின் 'வாடிக்கையாளர் நலப் பிரிவு'க்குத் தொலைபேசினேன். அங்கிருந்த அலுவலரைப் போல் பண்பான ஒருவரை நான் கண்டதில்லை.

"எங்க எச்சரிக்கை வந்துச்சா மேடம்?"

"வந்தது. எட்டுப் பிழை இருந்தது."

"அடடே, அதைத் திருத்தி அனுப்பினது நீங்கதானா! ரொம்ப நன்றி மேடம். இப்ப எல்லாருக்கும் உங்க திருத்தத்தோடதான் போகுது."

"என் நாணயத்துக்கு என்ன பதில்?"

"அது நாலாவது விதி மேடம். பணம் கைக்கு வராம பொருளை அனுப்பக் கூடாது. அந்த விதியையும் நீங்கதான் திருத்தியிருக்கீங்க. 'பணம்'கிற இடத்துல ரெண்டு சுழி னவை மூணு சுழியாக்கி..."

"மூணு சுழி ணவை நான் நல்லா அறிவேன்! அவர் மோசடிக்காரர்னு நீங்களே எழுதினீங்களே? அப்புறம் எப்படி அவரை விக்க விட்டீங்க?"

"சந்தேகம்தான் மேடம் பட்டோம். முறைப்படி விசாரணையும் நடத்தினோம். ஒரே ஒரு சாட்சிதான் கிடைச்சுது. 'பிழையற்றவர்'னு எழுத்துமூலமா குடுத்திருந்தாங்க. கோப்பை மூடிட்டோம்."

"அதை எழுதினது நான்!"

"அதேதான் மேடம். பாதிக்கப்பட்டவங்களே அவர்மேல பிழையில்லைன்னு சொன்னபிறகு நாங்க என்ன பண்ண முடியும்?"

"நான் சொன்னது எழுத்துப்பிழையை!"

"அப்ப உங்க வாசகத்துல தெளிவு போதலைன்னு குறிச்சுக்கட்டுமா மேடம்?"

முப்பத்தாறு ஆண்டுகளில் எவரும் என்னை நோக்கி அப்படிக் கேட்டதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே நாணயம் விற்றுப்போனது. வாங்கியவரிடமும் விற்றவரிடமும் சந்தை தனக்குரிய 'பாதுகாப்புக் கட்டண'த்தைப் பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு என்பது இலவசமாகக் கிடைப்பதன்று.

இப்போது முன்னறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இருநூறு சட்டைகளுக்கும் காஜா எடுப்பது என் பொறுப்பு. தங்கை ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, கோணலான இடங்களில் துணியில் குறி போடும் சிவப்புச் சுண்ணத்தால் சுழித்துத் திருப்பித் தருகிறாள்.

"என்னக்கா இது? காஜான்னா பல்வரிசை மாதிரி இருக்கணும். இது இடிஞ்ச வேலி மாதிரி இருக்கு."

"பிழைக்குத்தான் மதிப்புன்னு அந்தக் கடைக்காரர் சொன்னாரேடி."

"அது நாணயத்துக்கு. சட்டைக்கு இல்ல. பிரி."

பிரித்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது காஜாவில் இருந்தபோது தபாலில் ஒரு பொதி வந்தது. கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுச் சான்றிதழ்! இணையச் சந்தையின் மேலாளரே பொன்னிற மையில் ஒப்பமிட்டிருந்தார். 'தங்கள் மொழித்தொண்டிற்கு எங்கள் நன்றி. தங்கள் நாணயம் எங்களிடம் என்றென்றும் பாதுகாப்பாக இருக்கும்.'

கண்ணாடியைத் துடைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒற்று, புள்ளி, இடைவெளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த நிறுவனம் எனக்குப் பிழையில்லாமல் எழுதிய முதல் மடல் அதுதான். சுவரில் மாட்ட ஆணி தேடினேன்.

தங்கை சுண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தை வாங்கிக்கொண்டாள். அவள் திருத்தத் தெரியாதவள்; ஆகவே படித்தாள்.

"இத ஏன்க்கா சுவத்துல மாட்டற? காவல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போ. இது பாராட்டு இல்ல, வாக்குமூலம். கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காங்க."